அத்தை வாட்ச்ல மணி ஒண்ணே முக்கால்

கப்பல்ல போலாம்னு ஆரம்பிச்சது எங்க வீட்டுக்காரர்தான். சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட் பாத்துட்டு திரும்ப சிங்கப்பூர்லயே எறங்கறது, நாலு ராத்திரி, சாப்பாடெல்லாம் அதுலயே அடக்கம். பையனையும் அத்தையையும் கூட்டிட்டுப் போனோம், அத்தைய விட்டுட்டுப் போயிருந்தா திரும்பி வந்து ஆறு மாசத்துக்கு வீட்ல அந்தப் பேச்சுதான் ஓடும்.

ஏறின உடனே பாதுகாப்பு ட்ரில். கப்பலுக்கு ஏதாவது ஆச்சுன்னா பக்கவாட்டுல தொங்குற ஆரஞ்சு கலர் படகுலதான் ஏத்துவாங்கன்னு சொன்னாங்க, அத்தை பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் ஸ்பீக்கர்ல, எந்த ஊர்ல எறங்கினாலும் கப்பல்ல சிங்கப்பூர் டைம்தான், மாத்த மாட்டோம்னு அறிவிப்பு வந்தது. அந்த நேரம் எங்க வீட்டுக்காரர் பஃபேல சப்பாத்தி எந்தப் பக்கம்னு தேடிட்டு இருந்தார்.

அத்தை கையில மாமா வாங்கிக் குடுத்த பழைய எச்எம்டி, தினம் சாவி குடுக்கணும். அதுல மட்டும் எங்க ஊர் மணி. "பிபி மாத்திரை காலைல எட்டு, ராத்திரி எட்டு. ஊருக்கு ஊர் மணியத் திருகினா எத்தன மாத்திரை போட்டேன்னு எனக்கே தெரியாது"ன்னுட்டாங்க. கப்பல் மணி வேணும்னா ரெண்டரை கூட்டிக்குவாங்களாம். முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ் ஆர்டி ஏஜெண்டா இருந்தவங்க, கூட்டல்ல யாரு வாதாட முடியும்.

அடுத்த நாள் பினாங்கு. அங்க கப்பல் ஊருக்கு நடுவுலயே, ஸ்வெட்டன்ஹாம் பியர்ல வந்து ஒட்டி நிக்குது, எறங்கி கொஞ்ச தூரம் நடந்தா மணிக்கூண்டு. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷம் ஆனதுக்காக, வருஷத்துக்கு ஒரு அடின்னு 60 அடி உசரத்துல கட்டினதாம். ரெண்டாம் உலகப் போர்ல பக்கத்துல குண்டு விழுந்ததுல லேசா சாஞ்சிருக்கு. அத்தை அதையும் தன் வாட்ச்சையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு "இதுக்கு என்னுது எவ்வளவோ பரவால்ல"ன்னாங்க.

அங்கருந்து லிட்டில் இந்தியா. குயின் தெருவுல 1833ல கட்டின மாரியம்மன் கோயில், தெருவெல்லாம் தமிழ்ப் பாட்டு, கடைக்காரம்மா "வாங்கம்மா, எந்த ஊரு"ங்கறாங்க. எங்க வீட்டுக்காரருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு, இவ்ளோ செலவு பண்ணி மறுபடி திருச்சி பெரிய கடைவீதிக்கே வந்துட்டமான்னு. அத்தைக்கு மட்டும் ஒரே சந்தோஷம், பினாங்குன்னா மலாய்ல பாக்குன்னு அந்தம்மா சொன்னதும், "பாக்குத் தீவுக்கு வந்துட்டு வெத்தல போடாம போறதா"ன்னு உக்காந்துட்டாங்க. அரை மணி நேரம் அங்கயே போச்சு. மல்லிப்பூ வேற வாங்கினாங்க. கப்பலுக்குள்ள பூ, பழமெல்லாம் கொண்டு வரக்கூடாதுன்னு எழுதியிருந்ததேன்னு நான் பயந்தா, மொத்தத்தையும் எங்க ரெண்டு பேர் தலையிலயும் வச்சு முடிச்சுட்டாங்க. ஸ்கேனர்கிட்ட நின்ன ஆளு பாத்து சிரிச்சதோட சரி.

மூணாம் நாள் புக்கெட். படோங் கடற்கரைல பெரிய கப்பல் ஒட்ட முடியாது, நடுக்கடல்லயே நங்கூரம் போட்டுட்டு சின்னப் படகுல கரைக்கு அனுப்புறாங்க. அந்தச் சின்னப் படகு வேற எதுவும் இல்ல, ட்ரில்ல சொன்ன அதே ஆரஞ்சு படகுதான். அத்தை படியில நின்னுட்டாங்க. பின்னாடி இருபது பேர் காத்துட்டு நிக்க, என் கையப் பிடிச்சு மெதுவா "ஏம்மா, கப்பலுக்கு என்னாச்சு? மறைக்காம சொல்லு"ன்னாங்க. ஒண்ணும் இல்ல அத்தை, சுத்திப் பாக்கத்தான்னு சொல்லி ஏத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. கரைக்குப் போற வரைக்கும் கப்பல் முங்குதான்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தாங்க.

கரையில நல்ல வெயில், இளநி, மாம்பழத்தோட ஸ்டிக்கி ரைஸ்னு நேரம் போனதே தெரியல. கடைசிப் படகு நாலரைக்கு. எங்க வீட்டுக்காரர் போனைப் பாத்துட்டு "மூணே கால்தான் ஆகுது, இன்னொரு இளநி சொல்லட்டுமா"ன்னார். அத்தை வாட்ச்சைப் பாத்தாங்க, வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்தாங்க, "டேய், நாலே கால் ஆச்சுடா"ன்னாங்க.

"அம்மா, அது இந்தியா டைம்மா. போன் தானா மாத்திக்கும், தப்பா காட்டாது."

"தாய்லாந்து மணிய யாருடா கேட்டா? எனக்கு ஒண்ணே முக்கால். ரெண்டரை கூட்டு."

அவர் விரல் விட்டுக் கூட்டினார். முகம் மாறிச்சு பாருங்க. தாய்லாந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னாடி, போன் சமத்தா அந்த ஊர் டைமுக்கு மாறிடுச்சு, கப்பல் மாறல. பாஸ்போர்ட்டெல்லாம் கப்பல்காரங்ககிட்ட, எங்க கையில ரூம் கார்டு மட்டும். அப்புறம் என்ன, ஓட்டம்தான். பையன் பாதி இளநியோட, நான் செருப்பக் கையில தூக்கிக்கிட்டு, பாதி வழியில அவர் திரும்பி அத்தையத் தேடினா அத்தை எங்களுக்கு முன்னாடி போயிட்டு இருக்காங்க. நாங்க போய்ச் சேர்ந்தப்ப ஜூஸ் வச்சிருந்த டேபிளை மடக்கிட்டு இருந்தாங்க. அத்தை நேரா போய் அதே ஆரஞ்சு படகுல ஜன்னலோர சீட்டா பாத்து உக்காந்தாச்சு.

மறுநாள் முழுக்க கடல்தான். காலைல டிஃபன் சாப்பிடறப்போ எங்க வீட்டுக்காரர், போன் பக்கத்துலயே இருந்தும், ரொம்பப் பணிவா "அம்மா, மணி என்னம்மா?"ன்னார். அத்தை இட்லியிலருந்து தலைய நிமித்தாம கேட்டாங்க:

"எந்த ஊரு மணி வேணும்?"