அஞ்சலை வாய்க்கால்: சில நாட்குறிப்புகள்

மே 24, 2025, சனி

ஜூன் 1 சுதந்திரப் போராட்டத் தியாகி அஞ்சலையம்மாள் பிறந்தநாள். சாயங்காலம் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து அவரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. பேசப்போவது நான். போன அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த தமிழக வெற்றிக் கழக மாநாட்டில் அவர் படத்தைக் கட்அவுட்டாக வைத்த பிறகு பெயர் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. "யாருக்கா அவங்க?" என்று கேட்கிறார்கள். 1890-ல் இதே கடலூர் முதுநகரில் பிறந்தவர் என்றதும் அவர்களுக்கு நம்பமுடியவில்லை.

மே 26, திங்கள்

ராத்திரி குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். 1921-ல் ஒத்துழையாமை இயக்கம். 1927-ல், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலுக்குச் சென்னையில் இருந்த சிலையை அகற்றச் சொல்லிப் போராட்டம். மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைக்குப் போனார். அந்தச் சிறுமிக்குத்தான் லீலாவதி என்று காந்தி பெயர் வைத்துத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். காந்தி கடலூர் வந்தபோது அவரைச் சந்திக்கத் தடை இருந்தும், பர்தா போட்டுக் குதிரை வண்டியில் போய்ப் பார்த்தவர் அஞ்சலையம்மாள். வேலூர் சிறையில் நிறைமாதமாக இருந்தபோது பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே திரும்பவும் சிறை. அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் ஜெயில்வீரன்!

இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். சொல்லத்தான் போகிறேன். ஆனால் மேடையில் பேசுகிற எல்லோரும் பர்தாவோடும் குதிரை வண்டியோடும் நிறுத்திவிடுகிறார்கள். 1937-லும் 1946-லும் மக்கள் அவரைச் சென்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய் ஊருக்கு என்ன செய்தார் என்பதை யாராவது சொல்ல வேண்டாமா?

மே 29, வியாழன்

தீர்த்தாம்பாளையம் போய்வந்தேன். சிதம்பரம் பஸ்ஸில் ஏறி பு.முட்லூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. நல்ல வெயில்.

அந்த ஊருக்குத் தண்ணீர்க் கஷ்டம் இருந்திருக்கிறது. வீராணத்திலிருந்து வருகிற வாய்க்காலில் ஒரு கிளை வெட்டி ஊருக்குத் தண்ணீர் வரவைத்தார் அஞ்சலையம்மாள். அதனால்தான் அது அஞ்சலை வாய்க்கால். வயல் வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கடல் கிட்ட இருக்கு பாருங்கம்மா, கிணறு தோண்டினா உப்பு ஏறிடும். வாய்க்கா தண்ணிதான் எங்களுக்கு" என்றார். அஞ்சலை யாரென்று தெரியுமா என்று கேட்டேன். "எம்மெல்லே அம்மா. எங்கப்பா சொல்லுவாரு" என்றார். தென்னாட்டின் ஜான்சிராணி என்று காந்தி சொன்னது அவருக்குத் தெரியாது. எம்.எல்.ஏ. என்பது தெரிந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

இப்போது தண்ணீர் இல்லை. மேட்டூர் திறந்து, கொள்ளிடம் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக வீராணம் நிரம்பி, அப்புறம்தான் கடைமடைக்கு வரும். அவ்வளவு தூரம் தாண்டி வருகிற தண்ணீரில் ஒரு பங்கைச் சின்ன ஊர் ஒன்றுக்குத் திருப்புவதற்கு எத்தனை மனு எழுதியிருக்க வேண்டும், எத்தனை அதிகாரியைப் பார்த்திருக்க வேண்டும்! சிறைக்குப் போகத் துணிச்சல் வேண்டும். இதற்கு அதோடு சலிக்காத மனசும் வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

கூட்டம் நன்றாக நடந்தது. நினைத்தபடியே ஜெயில்வீரன் பெயருக்குப் பெரிய கைதட்டல். பிறகு வாய்க்கால் கதையைச் சொன்னேன். சுதந்திரத்துக்குப் பிறகு தியாகி ஓய்வூதியம் வேண்டாம் என்று மறுத்ததையும், 1961-ல் காலமானதையும் சொன்னேன்.

எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி எழுந்து, "1937-ல பொம்பளைங்க எல்லாரும் ஓட்டுப் போட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. இல்லை என்றேன். அப்போது சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. ஆண்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு இல்லை. 215 இடம் இருந்த அந்தச் சட்டமன்றத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கியது 8. இரண்டு வருஷத்திலேயே போரைக் காரணம் காட்டி காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்தது. அவ்வளவு குறுகிய காலம்தான் முதல் தடவை கிடைத்தது என்றதும் அவள், "அப்ப சட்டசபையில அவங்க என்ன பேசினாங்க?" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

சட்டமன்ற நூலகத்துக்குக் கடிதம் எழுதி முடித்தேன். 1937 முதல் 1939 வரையும், 1946-லிருந்தும் உள்ள நடவடிக்கைக் குறிப்புகளில் அஞ்சலையம்மாள் பேசியவை, கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கேள்வி கேட்ட பெண்ணையும் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். நாளைக்குக் காலையில் பதிவுத் தபாலில் சேர்க்கவேண்டும்.