கெர்னல் நாட்குறிப்பு: யார் யாருக்காகக் காத்திருப்பது

8 மார்ச் 2025, சனி

ஒலிப்பதிவுக்கென்று ஒதுக்கிய கணினிக்குச் சொந்தமாக ஒரு லினக்ஸ் கெர்னல் கட்டுவதென்று முடிவு. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம், வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவே நிற்பது. காரணம் எளிமையானது. 48,000 ஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பஃபர் (ஒரு தடவை கையாளும் ஒலித் துண்டு) வைத்தால், 1.33 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒலி நிரல் விழித்து அடுத்த துண்டைத் தயார் செய்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து கெர்னல் வேறொரு வேலையில் மூழ்கியிருந்தால் பதிவில் 'டிக்' என்று விழும். டிஸ்ட்ரோ (தயாராகக் கிடைக்கும் லினக்ஸ் தொகுப்பு) தரும் கெர்னலைக் குறை சொல்ல முடியாது. சர்வர், மடிக்கணினி, மெய்நிகர் எந்திரம் என எல்லாவற்றிலும் ஓட வேண்டிய பொதுக் கெர்னல் அது. எனக்கு வேண்டியது இந்த ஒரு கணினிக்கான கெர்னல்.

எடுத்தது 6.12. நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு என்பது ஒரு காரணம். பெரிய காரணம், பிரீஎம்ப்ட்_ஆர்டி எனும் நிகழ்நேர வசதி மூலக் கெர்னலுக்குள் முழுமையாக வந்தது இதில்தான். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தனி பேட்ச்சாகவே (மேலே ஒட்டும் திருத்தமாக) வெளியே இருந்த வேலை அது. 2024 செப்டம்பரில் அந்த வேலையை முன்னின்று நடத்திய தாமஸ் கிளெய்க்ஸ்னர், அதைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையை அச்சிட்டு, தங்க நிறத் தாளில் சுற்றி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். இத்தனை காலம் ஒரே வேலையை விடாமல் பிடித்திருந்தவர்களுக்கு அந்தத் தங்கத் தாள் பொருத்தம்தான்.

மூலநிரலை இறக்கியதும் கையொப்பம் சரிபார்த்தேன். அந்தக் கையொப்பம் சுருக்கப்பட்ட கோப்புக்கு இல்லை, உள்ளிருக்கும் டார் தொகுப்புக் கோப்புக்கு. அதனால் முதலில் எக்ஸ்இசட் சுருக்கத்தை விரித்துவிட்டு, பிறகு கையொப்பம் சரிபார்க்கும் ஜிபிஜியிடம் கொடுக்க வேண்டும்.

9 மார்ச், ஞாயிறு

இன்று முழுக்க கான்ஃபிக், அதாவது கெர்னலில் எதெது இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலை.

வெறும் கையோடு தொடங்கினால் ஆயிரக்கணக்கான கேள்விகள். அதனால் பூட் அடைவில் இருக்கும் டிஸ்ட்ரோவின் கான்ஃபிக் கோப்பை எடுத்து, மூலநிரல் அடைவில் டாட் கான்ஃபிக் என்று வைத்தேன். அப்புறம் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை. இந்த நொடியில் எந்தெந்த மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலில் சேரும் தனித் துண்டு) ஏற்றப்பட்டிருக்கிறதோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை வெட்டிவிடும். ஆகவே அதை ஓட்டுவதற்கு முன் ஆடியோ இன்டர்ஃபேஸ், மிடி கீபோர்டு, யுஎஸ்பி டிரைவ், ஹெட்செட் எல்லாவற்றையும் செருகி ஒருமுறை பயன்படுத்தினேன். செருகாதது பட்டியலில் வராது, பட்டியலில் வராதது கெர்னலில் இருக்காது. இஎஃப்ஐ பகிர்வையும் (துவக்கக் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதி) மவுண்ட் செய்து, அதாவது அமைப்போடு இணைத்து வைத்தேன். அதன் கோப்பமைப்பான விஃபேட் மட்டும் போதாது, அதற்குத் துணையாக என்எல்எஸ் எழுத்துக் குறியீட்டு மாட்யூல்களும் வேண்டும்.

அடுத்து 'மேக் மெனுகான்ஃபிக்'. நீலத் திரை, சாம்பல் பெட்டி. சதுர அடைப்பில் இருப்பவை உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலை. கோண அடைப்பில் இருப்பவைக்கு மூன்று: நட்சத்திரம் போட்டால் கெர்னலுக்குள்ளேயே, எம் போட்டால் தனி மாட்யூல், காலியாக விட்டால் கிடையாது. சாய்கோட்டை அழுத்தினால் தேடலாம். ஒரு விருப்பம் எங்கே இருக்கிறது, எதைச் சார்ந்திருக்கிறது, எது அதை இழுத்து வருகிறது என்று எல்லாமே அங்கே தெரியும். மெனுவில் அலைவதைவிட இந்தத் தேடல் எவ்வளவோ மேல்.

நட்சத்திரமா எம்மா என்று முடிவெடுக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே இது தேவையா? டிஸ்க்கை இயக்கும் என்விஎம்இ டிரைவரும், அதிலுள்ள கோப்பமைப்பான இஎக்ஸ்டி4-உம் தேவை. அவற்றை மாட்யூலாக்கி அதே டிஸ்க்கில் வைப்பது, சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டுவது போல. அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தற்காலிகக் கோப்பமைப்பு கெர்னலோடு சேர்ந்தே நினைவகத்துக்கு வருகிறது. இரண்டையும் உள்ளேயே கட்டிவிட்டால் அது இல்லாமலும் போகலாம். அப்போது ரூட் (முதன்மைக் கோப்பமைப்பு) எது என்பதை, கோப்பமைப்பின் அடையாள எண்ணான யுயுஐடியால் சொல்ல முடியாது; டிஸ்க் பகிர்வின் அடையாள எண்ணான பார்ட்யுயுஐடி என்றால் கெர்னலுக்குத் தானாகப் புரியும்.

ஒலி டிரைவர்களை எம் என்றே விட்டேன். அவை பொறுமையாக வரலாம்.

12 மார்ச், புதன்

நிகழ்நேர விருப்பம் மெனுவில் கண்ணில் படவில்லை. தேடிப் பார்த்ததில் அது எக்ஸ்பெர்ட் என்ற விருப்பத்தைச் சார்ந்திருக்கிறது. அதை ஆன் செய்ததும் வந்துவிட்டது. டைமர் அதிர்வெண்ணை 1000 ஆக்கினேன். லோக்கல்வெர்ஷனில் 'ஒலி' என்று பொருள்படும் ஒரு சிறு பின்னொட்டும் சேர்த்தேன். எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

பிரீஎம்ப்ட்_ஆர்டி கெர்னலின் வேகத்தைக் கூட்டுவதில்லை. சொல்லப்போனால் மொத்த வேலைத்திறன் கொஞ்சம் குறையவும் கூடும். அது மாற்றுவது வரிசையை. சாதாரணக் கெர்னலில் ஒருவர் (ஒரு வேலை) ஸ்பின்லாக்கை, அதாவது ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டைப் பிடித்தால், விடும்வரை அவரை அந்தச் சிபியுவிலிருந்து யாரும் நகர்த்த முடியாது. இங்கே பெரும்பாலான ஸ்பின்லாக்குகள், காத்திருப்பவர் தூங்கக்கூடிய பூட்டுகளாகின்றன. இன்டரப்ட் (வன்பொருளின் குறுக்கீடு) கையாளும் வேலையும் த்ரெட்டாகி (தனி இழையாகி), முன்னுரிமை வரிசையில் வந்து நிற்கிறது. முன்னுரிமை குறைந்தவர் கையில் பூட்டு இருந்து உயர்ந்தவர் காத்திருக்க நேர்ந்தால், உயர்ந்தவரின் முன்னுரிமையே தற்காலிகமாகக் கீழுள்ளவருக்குக் கிடைக்கும், சீக்கிரம் முடித்து விடுவதற்காக. இந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

15 மார்ச், சனி

கம்பைல், அதாவது மூலநிரலை இயங்கும் கெர்னலாக மாற்றும் கட்டம். எல்லா கோர்களுக்கும் வேலை கொடுத்து மேக்கை ஓட்டினேன். சற்று நேரத்தில் சான்றிதழ் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றது. டிஸ்ட்ரோ கான்ஃபிக்கிலிருந்து தொடங்கும் பலருக்கும் இது வரும். நம்பகச் சாவிகளுக்கான விருப்பத்தில் டிஸ்ட்ரோவின் சொந்தக் கோப்புப் பாதை அப்படியே இருக்கும், மூலநிரலில் அந்தக் கோப்பு கிடையாது. அந்த மதிப்பைக் காலியாக்கினால் போதும். மாட்யூல்களில் கையொப்பமிடத் தேவையான சாவியை, கெர்னல் கட்டும்போது அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

பிழை தேட உதவும் டீபக் தகவலையும் அணைத்துவிட்டேன். அது இருந்தால் கட்டும் அடைவு ஜிபி கணக்கில் வீங்கும்.

பிறகு திரையில் சிசி, சிசி, சிசி என்று வரிசையாக ஓடிய வரிகள். நடுநடுவே ஏஆர், கடைசியில் முழுக் கெர்னலான விஎம்லினக்ஸை இணைக்கும் எல்டி. துவக்கத்துக்கான கெர்னல் கோப்பு பிஇசட்இமேஜ் தயார் என்ற வரி வந்தபோது எழுந்து நின்றே படித்தேன்.

16 மார்ச், ஞாயிறு

நிறுவும் முன் க்யூஇமு என்ற மெய்நிகர் எந்திரத்தில் ஒரு சோதனை. டிஸ்க் டிரைவரை வேண்டுமென்றே மாட்யூலாக்கி, இனிட்ராம்எஃப்எஸ் தராமல் துவக்கினேன். எதிர்பார்த்தபடி பேனிக் (கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிடுவது): ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்நோன்-பிளாக்(0,0). அந்த இரண்டு பூஜ்ஜியங்களைக் கவனிக்க வேண்டும். பூஜ்ஜியம் என்றால் அப்படியொரு டிஸ்க்கே கெர்னலுக்குத் தெரியவில்லை. அடுத்து டிஸ்க் டிரைவரை உள்ளே வைத்து, இஎக்ஸ்டி4-ஐ எடுத்துவிட்டுப் பார்த்தேன். அதே பேனிக், ஆனால் அடைப்புக்குள் இப்போது வேறு எண்கள். டிஸ்க் தெரிகிறது, அதைப் படிக்கத்தான் தெரியவில்லை. திரையில் மிச்சமிருப்பது அந்த ஒரு வரி மட்டுமே என்றாலும், எங்கே தேட வேண்டும் என்பதை இந்த எண்கள் சொல்லிவிடும்.

இரண்டையும் உள்ளே சேர்த்தேன். துவங்கியது.

பிறகு நிஜக் கணினியில் மாட்யூல்களை நிறுவி, கெர்னலை நிறுவி, துவக்கத்தில் கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவைப் புதுப்பித்தேன். பழைய கெர்னல் மெனுவில் அப்படியே இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் துவக்கும் செக்யூர் பூட் இயங்குவதால் என் சொந்தச் சாவியால் கெர்னலில் கையொப்பமிட்டு, அந்தச் சாவியையும் பதிவு செய்தேன்.

18 மார்ச், செவ்வாய்

ஓடும் கெர்னல் எது என்று சொல்லும் யூநேம் கட்டளையின் விடையில் பிரீஎம்ப்ட்_ஆர்டி என்று தெளிவாக வருகிறது. சைக்ளிக்டெஸ்ட் ஓட்டினேன். குறித்த நேரத்துக்கும் உண்மையில் விழித்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை மைக்ரோ விநாடியில் அளக்கும் கருவி அது. சும்மா இருக்கும் கணினியில் அளப்பதில் பயனில்லை. இன்னொரு டெர்மினலில் கெர்னல் கம்பைலையே மறுபடி ஓடவிட்டு அளந்தேன். பழைய கெர்னலில் அதிகபட்சம் நான்கு இலக்கத்தைத் தொட்டது. புதியதில் இரண்டு இலக்கத்துக்குள் நிற்கிறது. சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒலிக்கு முக்கியம் அந்த அதிகபட்ச எண்தான், ஒரே ஒரு தாமதம் போதும் பதிவைக் கெடுக்க.

கான்ஃபிக் கோப்பைப் பத்திரப்படுத்தியாயிற்று. 6.12 வரிசையில் அடுத்த திருத்தம் வந்ததும் இதையே வைத்து 'மேக் ஓல்ட்கான்ஃபிக்'. புதிதாகச் சேர்ந்த கேள்விகளை மட்டும் கேட்கும்.