நொதியச் சேரும் எலிக்குஞ்சும்

சேர் காலமாகிட்டார் எண்டு வட்ஸ்அப் குரூப்பில வந்த அண்டைக்கு எல்லாரும் ஒரே பூப்படத்தைத்தான் மாறி மாறிப் போட்டவை, நானும் போட்டன். நினைவு மலருக்கு எழுதித் தாங்கோ அண்ணை எண்டு தம்பியவை கேட்டாப்பிறகுதான் யோசிச்சன். பேர் போடத் தேவையில்லை, 97ல அக்கராயன் பக்கம் கொட்டிலுக்க விலங்கியல் படிச்ச ஆக்களுக்கு நொதியச் சேர் எண்டாலே காணும்.

கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட கதை, குப்பி விளக்கு, கிபிர் பிளேன் குண்டு போட வந்தா எங்க ஓடுறது, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேணுமே. ஆய்வுகூடம் இல்லை, சோக்கும் தட்டுப்பாடு, ஆனா மனுசன் சிலபஸுக்கு வெளியில போனா திரும்பி வராது. நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல விடுற அசற்றைல்கோலின் நரம்பு முனையில வந்து விழுந்தா அதை உடனயே வெட்டிறதுக்கு கோலினெஸ்ரறேஸ் எண்டு ஒரு நொதியம், உடம்புக்குள்ள நடக்கிற வேதிவேலையை விரைவாக்கிற புரதம், இருக்கு, ஒரு மூலக்கூறு ஒரு செக்கனில ஆயிரக்கணக்கில வெட்டும், வெட்டாட்டி தசை இழுத்தது இழுத்தபடிதான் எண்டு சொல்லி கையை முறுக்கிக் காட்டுவார். அதோட நிண்டாலும் பரவாயில்லை. பிறக்கேக்க இது மூளையில எவ்வளவு இருக்கும் எண்டு கேட்டார். ஒருத்தருக்கும் தெரியேல்லை. கினிப்பன்றி மயிரோட, கண் திறந்துதான் பிறக்கும், அதின்ர மூளையில பிறக்கேக்கயே நொதியம் கிட்டத்தட்ட முழுசா இருக்கும், எலிக்குஞ்சு கண் மூடி வெறும் தோலோட பிறக்கும், அதுக்குக் குறைவு, பிறகு மூண்டு நாலு கிழமையில மளமளவெண்டு ஏறும் எண்டார்.

அதோட விட்டாரே? வகுப்பை ரெண்டாப் பிரிச்சார். டக்கெண்டு பதில் சொல்லுற ஆக்கள் கினிப்பன்றி. நான் கேள்வி விளங்கி வாய் திறக்கிறதுக்குள்ள முன்வாங்கு ஆக்கள் சொல்லி முடிச்சிடுவினம், "இவன் எலிக்குஞ்சு, ரெண்டு கிழமையில கண் திறக்க வேணும், இவனுக்கு எப்பவெண்டுதான் தெரியேல்லை" எண்டார், பெண்பிள்ளையள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. சந்தையில சைக்கிள் உருட்டிக்கொண்டு போனாலும் பின்னால இருந்து கீச்சுக் கீச்செண்டு சத்தம் போடுவாங்கள். இண்டைக்கு அந்த வாத்தி செய்தது பிழை எண்டு என்ர மகள் சொல்லுவாள், சரிதான், ஆனா அந்தப் பாடம் மட்டும்தான் எனக்கு இப்பவும் வரி வரியா ஞாபகம்.

இன்னொண்டும் சொல்ல வேணும். வயலுக்கு அடிக்கிற ஒர்கனோபொஸ்பேற் பூச்சி மருந்து இதே நொதியத்தைத்தான் பூட்டி வைக்குது, அதாலதான் வாயில நுரை, வியர்வை, கண்மணி சுருங்கிறது, கடைசியா மூச்சு, அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில அத்ரோப்பின் ஏத்தீனம் எண்டார். நஞ்சை முறிக்கிற வேற நொதியங்கள் ஈரல்லயும் ரத்தத்திலயும் குழந்தையளுக்கு குறைவு, வளர வளரத்தான் கூடும், மருந்தடிச்ச அண்டைக்கு சின்னனுகளை வரம்பில விடாதேங்கோ எண்டார். அடுத்த போகம் எங்கட அம்மா தம்பியை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. சோதினைக்கு அது வரவே இல்லை.

அடுத்த வருசம் வன்னியை விட்டுப் போற அனுமதிப் பாஸ் கிடைச்சு வவுனியாவால வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டன். ஏஜென்சிக்காரனுக்கு குடுக்க பட்ட கடன், அக்காவின்ர கலியாணம், பிறகு வீட்டுக் கடன், படிப்பு எண்ட கதையே எழும்பேல்லை. ஆஸ்பத்திரி ஒண்டில வேலைதான், லொண்டரி செக்‌ஷன். என்னோட எலிக்குஞ்சு வாங்கில இருந்தவள் ஊரிலயே நிண்டு படிச்சு இப்ப உயிரியல் ரீச்சர், அவள்தான் சேற்ர நம்பர் தந்தவள்.

அப்ப சேருக்கு பார்க்கின்சன், கை கால் நடுங்கிற வருத்தம். போனில குரல் மெல்லிசாப் போச்சு, ஆனா பாடம் நிக்கேல்லை. மொனோஅமைன் ஒட்சிடேஸ் எண்ட மூளை நொதியத்தில ரெண்டு வகையடா, ஏ முதலே வந்திடும், பி பிறந்தாப்பிறகு ஏறி வயசு போகப் போக இன்னும் ஏறும், என்ர வருத்தத்தில மூளையில குறையிற டோபமினை அதுதான் தின்னுது, அதைத் தடுக்கத்தான் எனக்கு செலிஜிலின் குளிசை தந்திருக்கினம் எண்டார். பிறகு "நீ ஏன் அங்க போய்ப் படிக்கேல்லை?" எண்டு கேட்டார். கடன் கதை சொன்னன். கொஞ்ச நேரம் பேசேல்லை. இப்பவும் படிக்கலாம்தானே எண்டார்.

"அம்பது வயசாகப் போகுது சேர், எனக்கும் பி ஏறத் தொடங்கியிருக்கும்."

"அதுக்குத்தான் குளிசை இருக்கே, எலிக்குஞ்சு."