தடித்த எழுத்தில் ஒரு ஹெச்

அந்தச் சனிக்கிழமை மாலை நான் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கோங்க பாட்டி." ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எவரும் நாளொன்றுக்குப் பத்து முறையாவது சொல்லும் வாக்கியம் அது, விதிப்படி சரியானதும்கூட. இருந்தும், மூன்று ஆண்டுகளாக அதை மனத்துக்குள் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பாட்டி வில்லிவாக்கத்திலிருந்து வந்திருந்தார். பேரனுக்கு இரண்டு மாதம். ரிப்போர்ட்டில் ஒரே வரி: டெஸ்டோஸ்டீரோன், டெசிலிட்டருக்கு 218 நானோகிராம். இயல்பளவு 20க்குக் கீழ் என்றும், எண்ணை ஒட்டித் தடித்த எழுத்தில், அதிகம் என்பதைக் குறிக்கும் ஹெச் என்றும் அச்சாகியிருந்தது. அவர் அந்த எழுத்தின் மேல் நகத்தை வைத்து அழுத்தி, "இது என்னான்னு மட்டும் சொல்லும்மா. ஆம்பளை ஹார்மோன் பத்து மடங்கு ஏறிப்போச்சுன்னு என் மவன் சொல்றான். ரெண்டு பக்கமும் விதை இறங்கலைன்னுதான் டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்க. இப்ப இது வேறயா?" என்றார்.

எனக்கு அந்த எண்ணில் வியப்பு ஏதும் இல்லை. குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி வழியாக வந்த ஹார்மோன்கள் வடிந்ததும், பிட்யூட்டரி சுரப்பி விழித்துக்கொள்கிறது. அதன் தூண்டுதலால் ஆண் குழந்தையின் விதைகள் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கத் தொடங்கி, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அளவு உச்சத்தைத் தொட்டு, ஆறாவது மாத வாக்கில் அடங்கிவிடுகிறது. அந்த உச்சத்தில் 200, 300 என்பதெல்லாம் சாதாரணம். அதன்பின் பருவமடையும் வரை ஏறத்தாழ ஒன்றுமே இருக்காது. வளர்ந்த ஆணுக்குச் சுமார் 300 முதல் 1000 வரை, பெண்ணுக்குச் சுமார் 15 முதல் 70 வரை. ஆகவே இதே 218 முப்பது வயது ஆணுக்கு வந்தால் குறைவு; முப்பது வயதுப் பெண்ணுக்கு வந்தால் மிக அதிகம்; ஐந்து வயதுச் சிறுவனுக்கு வந்திருந்தால் நானே பதறியிருப்பேன். (எழுபது வயதுத் தம்பதியர் ஒன்றாக ரத்தம் கொடுத்துவிட்டுப் போனால், பெண் ஹார்மோனான எஸ்ட்ராடையால் கணவருக்கு மனைவியுடையதைவிடக் கூடுதலாக இருப்பதைப் பார்த்து, குழாய் மாறிவிட்டது என்று புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்கள் ஓடி வருவது எங்களுக்குப் பழக்கம்.)

இன்னும் கூர்ந்து பார்த்தால், விதை தட்டுப்படாத குழந்தைக்கு இந்த வயதில் இந்தச் சோதனையை எழுதுவதே, உள்ளே எங்காவது விதை இருந்து வேலை செய்கிறதா என்று அறியத்தான். பாட்டி நகத்தால் அழுத்திய அந்த ஹெச், பெரும்பாலும் நல்ல செய்தி. அளவு 5 என்று வந்திருந்தால் எந்த எழுத்தும் அச்சாகியிருக்காது. குடும்பம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கும். அதுதான் கவலைப்பட வேண்டிய ரிப்போர்ட்டாக இருந்திருக்கும்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை? அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி குறைந்திருக்கும் பெண் குழந்தை சில வேளைகளில் ஆண் குழந்தையைப் போன்ற உறுப்போடு பிறக்கும். விதை இல்லாததை இறங்காதது என்று நினைத்துவிடுவார்கள். அங்கும் டெஸ்டோஸ்டீரோன் ஏறித்தான் இருக்கும். அதைப் பிரித்தறிய 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரோன் உள்ளிட்ட வேறு சோதனைகள் வேண்டும். எங்களுக்கு வந்த சீட்டில் அவை இல்லை. போதாக்குறைக்கு, எதிர்ப்பொருளைக் கொண்டு ஹார்மோனை அளக்கும், நாங்கள் பயன்படுத்தும் இம்யூனோஅஸே முறை பச்சிளங்குழந்தையின் ரத்தத்திலுள்ள பிற ஸ்டீராய்டுகளையும் சேர்த்து எண்ணிவிடக்கூடியது. எண்ணையே முழுதாக நம்ப முடியாதபோது, கவுண்ட்டரில் நின்றபடி "பயப்படாதீங்க" என்று சொல்ல நான் யார்?

இந்த வாதம் வலுவானதுதான். ஆனால் ரிப்போர்ட்டில் அந்த ஹெச் தானாக முளைக்கவில்லை. மென்பொருள் மாற்றியபோது இயல்பளவுகளை உள்ளிட்டவள் நான். கிட்டோடு வந்த தாளில் கைக்குழந்தைக்கென்று தனி வரி இல்லாததால், பிறந்தது முதல் பத்து வயது வரை ஒரே கட்டத்தில் அடைத்து 20 என்று தட்டினேன். அன்று அது தவறு என்று தெரியாதவள் அல்ல. இரண்டு மாதக் குழந்தைக்கு யார் டெஸ்டோஸ்டீரோன் எழுதப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆக, அந்தப் பாட்டியின் கேள்வி மருத்துவரிடம் கேட்க வேண்டியதல்ல, என்னிடமே கேட்க வேண்டியது. "குழந்தைக்கு என்ன என்று டாக்டர்தான் சொல்லணும், ஆனா இந்த எழுத்து பெரிய பிள்ளைகளோட அளவை வெச்சுப் போட்டது, இதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். அதில் விதிமீறலும் இல்லை, பொய்யும் இல்லை. சீட்டில் மருத்துவரின் தொலைபேசி எண்ணும் இருந்தது. உடனே தெரிவிக்க வேண்டிய அளவுகளின் பட்டியலில் டெஸ்டோஸ்டீரோன் இல்லை என்பதால் நான் அழைக்கவில்லை. மறுநாள் ஞாயிறு. திங்கள் மாலைதான் கிளினிக் திறக்கும் என்று பாட்டி சொன்னது காதில் விழத்தான் செய்தது.

திங்கள் காலை முதல் வேலையாக ஆறு மாதத்துக்குட்பட்ட ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனிக் கட்டம் போட்டேன். அந்தக் குடும்பம் திரும்ப எங்களிடம் வரவில்லை; என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் பத்து வார ஆண் குழந்தை ஒன்றின் ரத்தம் வந்தது. அளவு 9. புதிய கட்டத்தின் புண்ணியத்தில் இம்முறை தடித்த எழுத்தில், குறைவு என்பதைக் குறிக்கும் எல் என்று அச்சானது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மருத்துவரை அழைத்துச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து ரிப்போர்ட் வாங்க வந்த அந்த இளைஞர், "மேடம், எல்னா என்ன?" என்று கேட்டார்.

"டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கோங்க" என்றேன்.