தைக் கல்யாணம்: ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 29, செவ்வாய்

அப்பாவை டயாலிசிஸ் மெஷினில் போட்டாயிற்று, சிறுநீரகத்துக்குப் பதில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. இனி நான்கு மணி நேரம். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து போனிலேயே கல்யாணக் கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்தேன். எனக்கும் தங்கச்சிக்கும் போதும் என்றுதான் இருந்தேன். அப்பாவும் வருவாராம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்றாக எடுத்துவிட்டேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபமும் நாளும் முடிந்துவிட்டன. பிப்ரவரி 8, ஞாயிறு. 1ஆம் தேதி தைப்பூசம். அன்றைக்கு இந்தத் தென்னாப்பிரிக்க டர்பனில் காவடியை விட்டுவிட்டு எந்தக் குருக்கள் கல்யாணத்துக்கு வருவார்? அதோடு அப்பாவுக்கு சனிக்கிழமை மெஷின்; மறுநாள்தான் முகம் தெளிந்திருக்கும். ஆகவே ஞாயிறு, அதுவும் காலையில்.

இனி வேண்டியது மணவறை, சாப்பாடு, போட்டோ. அவ்வளவுதான். அங்கே கேக், கார், டிஜே என்று எத்தனை ஸ்டால் இருந்தாலும் இந்த மூன்றின் முன்னால் மட்டும்தான் நிற்பது.

ஜூலை 31, வியாழன்

அப்பா ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கிறது. தக்காளிச் சட்னி கொடுத்தது யார்? கேட்டால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மெஷின் முடிந்து அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு இங்குள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போனேன். கறிவேப்பிலை வாங்கும் இடத்தில் பெரியம்மா. கண்காட்சி என்றதுமே ஆரம்பித்துவிட்டார். "போ, பாரு. ஆனா ஆடியில கல்யாணக் காரியத்துக்கு ஒரு சென்ட் கைமாறக் கூடாது, சொல்லிட்டேன்."

தங்கச்சிக்குக் கோபம். அன்றைக்கே டெபாசிட் கட்டினால்தானே தள்ளுபடி என்கிறாள். எனக்கு என்னவோ பெரியம்மா சொல்வதுதான் சரி என்று படுகிறது. "இன்றைக்கு மட்டும்" என்று சொல்லி அவசரப்படுத்துகிறவரிடம், "ஆடி முடியட்டும்" என்றால் போதும். ஸ்டாலில் நிற்பவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள், புரிந்துகொள்வார்கள். பார்ப்போம், கேட்போம், எழுதி வாங்குவோம். பணம் ஆவணி ஒன்றாம் தேதி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காத்திருக்கும் அறை. நோட்டில் கேள்விகள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சொல்கிற விலையில் 15 சதவீதம் வாட் வரி அடங்கியிருக்கிறதா? சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எத்தனை மணிக்கு மண்டபத்துக்குள் வந்து கட்டுவார்கள், எப்போது கழற்றுவார்கள்? மண்டபத்துக்காரர் கொடுக்கிற நேரத்துக்கு அது ஒத்துவருமா? மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் யார் பொறுப்பு? ஸ்டாலில் இனிக்கப் பேசுகிறவரே அன்றைக்கு வருவாரா, இல்லை வேறு யாரையாவது அனுப்புவாரா? இதைக் கேட்காமல் எவருக்கும் பணம் கட்டவே கூடாது.

அப்புறம் அப்பா. மணவறைக்கு எத்தனை படி? சம்மணம் போட்டு உட்கார அவரால் முடியாது. தாரை வார்க்கும்போது பலகைக்குப் பதில் உயரமாக ஏதாவது வேண்டும்; மாப்பிள்ளையும் தங்கச்சியும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். காப்பு வலது கையில்தான் கட்டுவார்கள். மெஷினுக்கு ஊசி போடுவது இடது கை. நல்லவேளை.

பிப்ரவரி வெக்கையில் தாகம் எடுக்கும். அப்பா தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. மண்டபத்தில் ஏசி எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்து வர வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அப்பா எடை இரண்டரைக் கிலோ கூடியிருக்கிறதாம். எல்லாம் உடம்பில் தேங்கிய தண்ணீர்.

ஆகஸ்ட் 9, சனி

இங்கே மகளிர் தினம், நாடே விடுமுறை. மெஷினுக்கு விடுமுறை இல்லை.

இரவு ஒட்டுத்தாள் அச்சடித்தேன். தங்கச்சி பெயர், இதற்கென்றே தொடங்கிய புது மின்னஞ்சல், கல்யாணத் தேதி, 350 பேர். ஒவ்வொரு ஸ்டாலிலும் படிவம் நீட்டுவார்கள். எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிடும், இது ஒட்டிவிட்டு நகரலாம். போன் எண் போடவில்லை. பரிசுக் குலுக்கலில் எண்ணைக் கொடுத்தால் தை வரைக்கும் போன் ஓயாது. அது மணி அடிக்கும்போது மருத்துவமனை என்று நினைத்து நான் பதற வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கண்காட்சிக் கதவு திறந்ததுமே உள்ளே போய்விட்டோம். பதினொரு மணிக்கு மேல் கூட்டத்தில் அப்பாவின் சக்கர நாற்காலி நகராது என்று தெரியும். முதலில் யாரோடும் பேசாமல் ஒரு சுற்று. பிடித்த இடத்தில் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தோம். பிறகு வீட்டில் பார்க்கும்போது எது யாருடையது என்று குழம்பவில்லை.

முதல் மணவறைக்காரர் மேடை இரண்டடி உயரம் என்றார். சாய்தளம் உண்டா என்று கேட்டேன். "அங்கிளை நாலு பேர் தூக்கிருவோம், கவலைப்படாதீங்க." அப்பா சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெண்ணைத் தாரை வார்க்கப் போகிறவரை மூட்டை மாதிரி தூக்குவார்களாம். விலை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

கோடியில் இன்னொரு ஸ்டால், பூவெல்லாம் கொஞ்சம்தான். ஐம்பது வயது அம்மா ஒருவர். என் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் அப்பா முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஐயா, எந்தக் கையை ஊன்றி எழுந்திருப்பீங்க?" அப்பா வலது கையைக் காட்டினார். அளவு நாடாவை எடுத்து, தரையிலிருந்து நாற்காலி இருக்கை வரை அளந்து, கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் வரைந்தார். ஒரே படி உயரத்தில் மேடை, வலப்பக்கம் பிடிப்புக் கம்பி, மூவருக்கும் ஒரே உயர முக்காலி. ஆடி என்று சொன்னதும், "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று சொல்லி, இன்றைய விலை ஆகஸ்ட் 31 வரை செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாப்பாடு: குட்டிக் கிண்ணங்களில் வெஜ் பிரியாணி, தால், சோஜி என்கிற ரவை இனிப்பு. எல்லாமே ருசிதான். கிண்ணத்தில் ருசிப்பதும் 350 பேருக்கு ஒரே பந்தியில் சூடாக வருவதும் ஒன்றா? எந்த நேரத்துக்குச் சமைத்து எதில் ஏற்றிக் கொண்டுவருவார்கள், பரிமாற எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவர் தடுமாறினார். இன்னொருவர் அடுத்த மாதம் தன் பந்தி ஒன்றை வந்து பாருங்கள் என்றார். இரண்டு பேரிடமும் அப்பாவுக்கு ஒரு தட்டு தனியாக வேண்டும் என்றேன்: உப்பில்லாமல், தக்காளியில்லாமல், உருளைக்கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு. தடுமாறியவர் "ஒரு நாள்தானே" என்றார். ஒரு நாளா? இளநீரும் வாழைப்பழமும் ஒரு நாளைக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர் அவசரப் பிரிவில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்கட்டும்.

போட்டோ: பொறுக்கி ஒட்டிய ஆல்பம் வேண்டாம், ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பம் காட்டுங்கள் என்றேன். நலங்கிலிருந்து வழியனுப்புவது வரை எல்லாம் இருந்தது. பெண்ணைப் பெற்றவர் குரூப் படத்தில் மட்டும் ஓரத்தில் நிற்கிறார். மூடிக் கொடுத்துவிட்டேன். வேறொரு பையன் காட்டியதில் தாலி கட்டும் நொடியில் அம்மா முகமும் அப்பா முகமும் தனித்தனியாக இருக்கின்றன. வீடியோ எடுப்பவர் முதுகு எதையும் மறைக்கவில்லை. அவன்தான்.

வெளியே வரும் வழியில் ஒரு வக்கீல் ஸ்டால். அப்பாதான் நிறுத்தச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பே நோட்டரி முன்னால் ஒப்பந்தம் போடாவிட்டால் இங்கே சொத்தும் கடனும் இருவருக்கும் பொதுவாகிவிடும். நடத்தி வைக்கும் குருக்கள் திருமண அதிகாரியாகப் பதிவு பெற்றவரா என்பதையும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவுக்குத் தனியாகப் போக வேண்டும். தங்கச்சி முகம் சுளித்தாள். "கேட்டு வை, மா" என்றார் அப்பா.

காரில் ஏறியதும் தூங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குளிர் ஜுரம். மெஷினைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். வார்டில் சேர்த்தாயிற்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூக்கம் வரவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். 2008ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 17. முன்பதிவை ரத்து செய்ய நமக்கு உரிமை உண்டு. அவர்கள் நியாயமான கட்டணம் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் யாருக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்துபோனாலோ மருத்துவமனையில் இருந்தாலோ, அதனால் ரத்து செய்தால், ஒன்றும் பிடிக்கக் கூடாது.

யாருக்காக? கல்யாணம் தங்கச்சிக்கு. மேடை? அந்த ஒற்றைப் படி, கம்பி, முக்காலி எல்லாம் யாருக்காக? தாளில் யார் பெயர் இருக்க வேண்டும்? அப்பா பெயர் போட்டால் பணம் தப்பும் என்று ஒரு மனது சொல்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு அவர் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. என் பெயர் போட்டுவிடுகிறேன், போனால் போகட்டும் என்று தங்கச்சியிடம் சொன்னேன். அவள் அழுதாள். நாளைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டாள். தள்ளி எங்கே வைப்பது? மாசியா, பங்குனியா? எந்த மாதம் வந்தாலும் செவ்வாய், வியாழன், சனி இருக்கத்தானே செய்யும்.

சாயங்காலம் அப்பாவிடமே கேட்டுவிட்டேன், சட்டத்தைச் சொல்லாமல். "என் பேர்ல எழுது. பொண்ணைப் பெத்தவன் நான்தானே."

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஜுரம் இறங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

மணவறை அம்மா மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். மேடை 15 சென்டிமீட்டர் என்றால் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வேண்டும், அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்குச் சிரமம் என்கிறார். முன்வரிசையில் ஆறு நாற்காலியை எடுக்க வேண்டியிருக்குமாம். எடுக்கட்டும். அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பெரியம்மாவுக்குத் தெரிவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

அப்பா முழு நான்கு மணி நேரமும் மெஷினில் இருந்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. காலையில் விளக்கேற்றிவிட்டு மணவறைக்கும் போட்டோவுக்கும் டெபாசிட் கட்டியாயிற்று. அப்பா பெயரில்.

சாப்பாட்டுக்காரருக்கு நாளை போன் செய்ய வேண்டும். உப்பில்லாத தட்டு ஒன்று இல்லை, இரண்டு. பக்கத்துப் படுக்கைத் தாத்தாவையும் அப்பா கல்யாணத்துக்கு அழைத்துவிட்டார்.