அல்ஜீரியாவின் கஜானாவும் ஹிட்லரின் விசுவாசியும்: ஆய்வேடு எழுதப் போகிறவர்களுக்கு

1945க்குப் பிறகு ஐரோப்பிய பாசிஸ்டுகள் எங்கே போனார்கள், இடதுசாரிகளோடும் காலனி எதிர்ப்பு இயக்கங்களோடும் அவர்கள் எப்படிக் கைகோத்தார்கள் என்பதுதான் என் முதுகலை வரலாற்று ஆய்வேட்டின் பொருள். இதையோ இதை ஒட்டிய ஒன்றையோ எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தலைப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கதை கெய்ரோ, மாட்ரிட், பியூனஸ் அயர்ஸ், மிலான், பெய்ரூட் என்று பரந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் தொட்டால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். ஒரு போரை எடுத்துக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். என் பரிந்துரை 1954 முதல் 1962 வரை நடந்த அல்ஜீரிய விடுதலைப் போர். பாசிஸ்டுகள் அதில் இரண்டு பக்கமும் நின்றார்கள். சுருக்கமான கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகின்றன. அதைப் படித்துவிட்டு ‘நாஜிகள் அரபு விடுதலையை ஆதரித்தார்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறவர்கள் அதிகம்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் அல்ஜீரியாவின் தேசிய விடுதலை முன்னணிக்கு உதவியவர்கள். ஓட்டோ ரேமர் அதில் வருவார். 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்ல நடந்த சதியைப் பெர்லினில் அடக்கிய அதிகாரி அவர். அவர் முன்னின்று நடத்திய சோசலிச ரைக் கட்சி என்ற நவ நாஜிக் கட்சி 1951இல் லோயர் சாக்சனி மாநிலத் தேர்தலில் 11 விழுக்காடு வாக்கு வாங்கியது. 1952இல் மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தடைசெய்தது. ரேமர் எகிப்துக்குப் போனார். அல்ஜீரியர்களுக்கு ஆயுதம் விற்ற வியாபாரத்தில் அவர் பெயர் அடிபடுகிறது. கோயபல்ஸின் பிரசாரகராக இருந்த யோகன் ஃபொன் லீர்ஸும் அர்ஜென்டினா வழியாகக் கெய்ரோ வந்து சேர்ந்தார்.

கோட்டின் மறுபக்கம்தான் கூட்டம் அதிகம். பிரெஞ்சு அல்ஜீரியாவைக் கைவிடக் கூடாது என்று குண்டு வைத்த ஓ.ஏ.எஸ். அமைப்பையும் அதன் ஆதரவாளர்களையும் அங்கே எழுதுங்கள். பெல்ஜியத்துக் கண் கண்ணாடி வியாபாரி ஷான் திரியார் அவர்களில் ஒருவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு ஒத்துழைத்ததற்காகச் சிறை சென்ற இவர், பெல்ஜியத்தின் காலனியான காங்கோ 1960இல் விடுதலை பெற்றபோது காலனியவாதிகளோடு சேர்ந்து மீண்டும் அரசியலுக்கு வந்தார். 1962 மார்ச் மாதத் தொடக்கத்தில் வெனிஸில் அவரும் பிரிட்டனின் பாசிஸ்ட் தலைவர் ஓஸ்வால்ட் மோஸ்லியும் இத்தாலிய, ஜெர்மானியக் கூட்டாளிகளும் கூடி ஓர் ஐரோப்பியக் கட்சிக்குத் திட்டம் போட்டார்கள். அதே மாதம் 18ஆம் தேதி பிரான்சுக்கும் விடுதலை முன்னணிக்கும் இடையே எவியான் ஒப்பந்தம் கையெழுத்தாகிப் போர் முடிவுக்கு வந்தது. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். பாசிசத்தின் பெரும்பான்மை காலனி எதிர்ப்பை ஆதரிக்கவே இல்லை என்பது அதிலேயே விளங்கும்.

இந்த இரு பக்கத்தையும் பார்த்த பிறகே பிரான்சுவா ஜெனூவிடம் போங்கள். நிதானமாகப் படிக்க வேண்டிய ஆள் இவர். 1915இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பிறந்து, பதின்வயதில் ஹிட்லரை நேரில் சந்தித்து, 1996இல் சாகும்வரை அந்த விசுவாசத்தை மறைக்காதவர். ஹிட்லர், அவருடைய செயலாளர் போர்மன், கோயபல்ஸ் ஆகியோரின் எழுத்துகளுக்கு உரிமை கொண்டாடினார். 1958இல் ஜெனீவாவில் அரபு வணிக வங்கி தொடங்கியவர்களில் ஒருவர். விடுதலை முன்னணியின் போர் நிதி அந்த வங்கிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. விடுதலைக்குப் பின் அந்தப் பணம் முன்னணித் தலைவர் முகமது கிதரின் கையில் இருந்தது. அவர் அல்ஜீரியாவின் முதல் அதிபர் பென் பெல்லாவோடு முறித்துக்கொண்டு வெளியேறினார். பணத்துக்காக சுவிஸ் நீதிமன்றங்களில் வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. கிதர் 1967 ஜனவரியில் மாட்ரிட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இப்போது இதே போராட்டத்துக்குப் பணம் எப்படித் திரண்டது என்று பாருங்கள். பிரான்சில் வேலை செய்த அல்ஜீரியத் தொழிலாளர்களின் சந்தாதான் அதில் பெரும் பங்கு. அதைப் பெட்டிகளில் வைத்துக் கடத்தியவர்கள் பிரெஞ்சு இடதுசாரிகள். பிரான்சிஸ் ஷான்சோனின் குழு மீது 1960 செப்டம்பரில் வழக்கு நடந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆன்றி கூரியேல் கெய்ரோவில் பிறந்த யூதர், கம்யூனிஸ்ட். அதே ஆண்டு அக்டோபரில் அவர் கைதானார். ஒரே விடுதலைப் போரின் பணத்துக்கு ஒரு முனையில் யூதக் கம்யூனிஸ்ட், மறுமுனையில் நாஜி வங்கியாளர். என் ஆய்வேட்டின் மையமாக நான் வைத்தது இந்த ஓர் உண்மையைத்தான். இருவரும் கூட்டாளிகள் அல்லர். இயக்கத்துக்கு வங்கி இல்லை, ஆயுதம் இல்லை, வழக்கறிஞர் இல்லை. யார் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டது.

வாங்கியதால் இயக்கத்தின் கொள்கை மாறியதா? அதை இயக்கத்தின் ஆவணத்தில் தேடுங்கள். 1956 ஆகஸ்டில் நடந்த முன்னணியின் சூம்மாம் மாநாட்டு அறிக்கை அல்ஜீரிய யூதர்களை நாட்டு மக்களாகவே கருதி அழைப்பு விடுத்தது. ஜெனூவின் நம்பிக்கைக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது.

ஆதாரங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திரியார் பின்னாளில் தலைகீழாகத் திரும்பி, அமெரிக்காவே முதல் எதிரி என்றார். 1966இல் புகாரெஸ்ட்டில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்ததாகவும் சொல்லிக்கொண்டார். சூ என்லாய் அந்த ஆண்டு ருமேனியா சென்றது உண்மை. சந்திப்புக்குத் திரியாரின் வாய்ச்சொல்லே ஆதாரம். என் நெறியாளர் முதல் வரைவின் ஓரங்களில் ‘இதைச் சொல்வது யார்?’ என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டே போனார். இந்தத் தலைப்புக்கு அதைவிட நல்ல கேள்வி இல்லை. சிறிய குழுக்களுக்குப் பெரிய நண்பர்கள் தேவை; இருப்பதாகச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஆதாயம் உண்டு.

நாஜி போர்க் குற்ற ஆவணங்களை வெளியிடச் சொன்ன 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமெரிக்கா வெளியிட்ட சி.ஐ.ஏ. கோப்புகளிலும் இதே கவனம் வேண்டும். அந்த உளவறிக்கைகளில் தகவல் தந்தவரின் நம்பகத்துக்கு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஓர் எழுத்தும், தகவலின் உண்மைத்தன்மைக்கு 1 முதல் 6 வரை ஓர் எண்ணும் இருக்கும். ‘எஃப்-6’ என்றால் ஆளையும் தகவலையும் மதிப்பிட வழியில்லை என்று பொருள். செய்தியைக் குறிப்பெடுக்கும்போதே இந்தக் குறியையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

கூட்டணியும் ஊடுருவலும் வேறு வேறு என்பதை ஓர் அத்தியாயத்தில் தெளிவாக்க வேண்டும். 1969 டிசம்பர் 12 அன்று மிலானின் பியாட்சா ஃபொந்தானாவில் ஒரு வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். பழி, அரசு என்பதே கூடாது என்ற இடதுசாரிகளான அனார்க்கிஸ்டுகள் மேல் விழுந்தது. அவர்களில் ஒருவரான ரயில்வே தொழிலாளி ஜுசெப்பே பினெல்லி மூன்றாம் நாள் நள்ளிரவு காவல் நிலைய ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அவர் குற்றமற்றவர். குண்டு வைத்தது நவ பாசிஸ்டுகள் என்பது பல ஆண்டு விசாரணைக்குப் பின் நிலைநாட்டப்பட்டது. பழி சுமத்தப்பட்ட ரோம் அனார்க்கிஸ்ட் குழுவுக்குள் மாரியோ மெர்லீனோ என்ற பழைய பாசிஸ்ட் ஏற்கெனவே சேர்ந்திருந்தார். இதைக் ‘கூட்டணி’ என்ற தலைப்பின் கீழ் எழுதுவது பினெல்லிக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

வாய்மொழித் தேர்வில் ‘ஹிட்லரிடமும் ஜப்பானிடமும் உதவி கேட்ட நேதாஜியின் கதையும் இதேதானே?’ என்ற கேள்வி வரும். எனக்கு அதுதான் முதல் கேள்வி. 1941இல் போஸ் பெர்லினில் பேசியது ஓர் அரசோடு. மலேயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் திரண்டு சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்துக்குப் பின்னாலும் ஜப்பான் என்ற அரசு இருந்தது. 1945க்குப் பின் பாசிஸ்டுகளிடம் அரசும் இல்லை, படையும் இல்லை. எஞ்சியது பணம், தொடர்பு, ஆயுத வியாபாரம். இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் போதும், உரையாடல் ஆய்வேட்டுக்குத் திரும்பிவிடும்.

அடுத்து ‘அப்படியானால் இடதும் வலதும் ஒன்றுதானே?’ என்பார்கள். கோடு போட்ட அந்தத் தாளை மனத்தில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லுங்கள். கூடவே, கொடுத்தவர்கள் திரும்ப எதை எதிர்பார்த்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். அதற்குச் சரியான இடம் 1987இல் பிரான்சின் லியோனில், அந்த நகரில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போவின் அதிகாரியாக இருந்த கிளாவுஸ் பார்பி மீது நடந்த வழக்கு. அல்ஜீரியப் போராளிகளுக்காக வாதாடிய ஜாக் வெர்ஜஸ்தான் பார்பிக்கும் வழக்கறிஞர். பின்னணியில் ஜெனூ இருந்தார். அல்ஜீரியாவில் சித்திரவதை செய்த பிரான்சுக்குப் பார்பியை விசாரிக்க என்ன தகுதி என்பது வாதம். சித்திரவதை நடந்தது உண்மை. அந்த உண்மையை ஒரு நாஜிக்குக் கேடயமாக்கியதைத்தான் நீங்கள் விளக்க வேண்டும். பிரான்சின் இஸியூ கிராமத்துக் குழந்தைகள் இல்லத்திலிருந்து 1944 ஏப்ரல் 6 அன்று 44 யூதக் குழந்தைகள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அன்று மாலையே பார்பி பெயரில் தந்தி பாரிஸுக்குப் போனது. வழக்கில் முக்கியச் சான்று அது. அத்தியாயத்தை அந்தத் தந்தியில் தொடங்குங்கள், வெர்ஜஸின் வாதம் அதற்குப் பிறகு வரட்டும். ஜூலை 4 அன்று பார்பிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.