பாளையங்கோட்டை முதல் வெள்ளாளன்விளை வரை: விசுவாசம் கைமாறி வந்த வழி

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கோபுரங்களைக் குறித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம், மெஞ்ஞானபுரத்தில் 192 அடி உயரக் கோபுரம், இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய ஆலயம். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்தக் கோபுரங்கள் எழும்புவதற்கு வெகு காலம் முன்பே விசுவாசம் இந்த மண்ணுக்கு வந்துவிட்டது. பரவி, பாதி பட்டுப்போய், மறுபடியும் துளிர்த்தது. சுமந்து வந்தவர்களில் மிஷனரிமார் குறைவு. ஒரு விதவை, ஊரில் தங்கி வேதம் சொல்லிக் கொடுத்த சில உபதேசியார்கள், அவர்களுடைய மாமன் மச்சான்கள், அடுப்படியில் அரிசி எடுத்து வைத்த பெண்கள் என்று இவர்கள் வழியாகத்தான் அது வீடு வீடாகப் போயிற்று. அந்த வழியிலேயே போகும்படி ஒரு பாதையை இங்கே சொல்கிறோம். இரண்டு நாள் போதும். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது; கிராமத்து ஆலயங்கள் பலவும் ஆராதனை நேரம் தவிர மற்ற நேரத்தில் பூட்டியே இருக்கும்.

பாளையங்கோட்டையில் முதலில் போக வேண்டியது ஊசிக்கோபுரத்துக்கு அல்ல, குளோரிந்தா அம்மாள் கட்டிய சின்ன ஆலயத்துக்கு. "பாப்பாத்தியம்மாள் கோயில் எங்கே?" என்று கேட்டால் வழி சொல்வார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை அவர். ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து, அவரிடம் கிறிஸ்துவைப் பற்றித் தெரிந்துகொண்டார். திருமணம் இல்லாத வாழ்க்கை என்பதால் தஞ்சாவூர் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப் பட்டியலில் 40 பேர், தலைப்பெயர் குளோரிந்தாவுடையது. ஆலயம் 1785-ல் பிரதிஷ்டையானது. ஸ்வார்ட்ஸ் இங்கே தங்கவில்லை, வந்து போனார். அன்றாடம் சபையைக் கூட்டி நடத்தியது குளோரிந்தாவும், தஞ்சையிலிருந்து அனுப்பப்பட்ட உபதேசியார் சத்தியநாதனும். சத்தியநாதன் 1790-ல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார்.

அடுத்தது முதலூர். பாளையங்கோட்டையிலிருந்து சாத்தான்குளம் போய், அங்கிருந்து சிற்றுந்திலோ ஆட்டோவிலோ போகலாம். இந்த ஊரின் பிறப்பு தாவீது சுந்தரானந்தம் என்ற இளைஞரோடு சேர்ந்தது. சாத்தான்குளம் பக்கத்தைச் சேர்ந்தவர். ஊரைவிட்டுப் போய்த் தஞ்சாவூரில் கிறிஸ்தவரானார். 1797 வாக்கில் திரும்பி வந்தபோது உபதேசியாராக வந்தார். சந்தையில் நின்று பிரசங்கம் பண்ணுவதைவிடத் தன் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதே அவருக்குக் கைகொடுத்தது. நம்பியவர்கள் பனையேறிகள். குடியிருந்த மண்ணும் ஏறிய பனையும் பிறர் கையில் இருந்ததால், ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே இருக்க இடம் கேள்விக்குறியாயிற்று. தாவீது ஓர் ஆங்கிலேயக் கேப்டனின் பண உதவியோடு நிலம் வாங்கி, 1799-ல் 28 பேரைக் குடியேற்றினார். அதுதான் முதலூர். விசுவாசம் தங்க வேண்டுமானால் காலூன்றத் தரை வேண்டும் என்பதை இந்தச் சீமை அன்றே கற்றுக்கொண்டது. பின்னால் வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் வைத்து நிலம் வாங்கி ஊர்களை உண்டாக்கியதும் இதே காரணத்துக்காகத்தான்.

உறவு வழியே போவது இங்கே மட்டும் நடந்ததல்ல. தெற்கே மயிலாடியில் மகாராசன் என்பவர் சிதம்பரம் போய்த் திரும்பும் வழியில், தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களாகியிருந்த உறவினர் வீட்டுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். ரிங்கல்தௌபே மிஷனரி 1806-ல் மயிலாடிக்கு வந்தபோது, வேதமாணிக்கம் சொல்லிக் கொடுத்துத் தயாராக்கிய ஒரு கூட்டம் அங்கே காத்திருந்தது.

உறவு வழிக்கு வேகம் உண்டு. ஒரு வீடு கிறிஸ்துவிடம் திரும்பினால், பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும் திரும்பும். அதே வழிக்கு ஒரு குறையும் உண்டு. சொந்தம் எங்கே முடிகிறதோ அங்கே சுவிசேஷமும் நின்றுவிடும். ஒரே தெருவில் ஒரே சாதிச் சபைகளாக அமைந்துபோன ஊர்களை இந்தப் பாதையில் இன்றும் பார்க்கலாம். அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

முதலூரில் மஸ்கோத் அல்வா வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. தேங்காய்ப்பாலில் கிண்டுவது, வாயில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும்.

நடுவில் ஒரு முறிவு வந்தது. 1802, 1803-ல் ஆயிரக்கணக்கானோர் ஒரே மூச்சில் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானஸ்நானம் கொடுக்க ஒரு குரு ஒரு நாள் வந்தால் போதும். சொல்லிக் கொடுக்க ஊருக்கு ஓர் உபதேசியார் வருஷக்கணக்கில் வேண்டும். அந்தக் கணக்குதான் உதைத்தது. மிஷனரிமாரில் யானிக்கே 1800-லும் கெரிக்கே 1803-லும் இறந்துபோனார்கள். பிறகு பஞ்சமும் கொள்ளைக் காய்ச்சலும். பல ஊர்கள் பழைய வழிக்கே போய்விட்டன. 1816-ல் பாளையங்கோட்டைக்கு வந்த இராணுவக் குரு (சாப்ளின்) ஜேம்ஸ் ஹாஃப், மிஷனரி இல்லாமலே கூடி ஜெபித்துக்கொண்டிருந்த சபைகளை முதலூரிலும் நாசரேத்திலும் கண்டார். நிலைத்த ஊர்கள் எவை என்று பார்த்தால் விடை தெளிவு: சொந்த நிலமும், தங்கியிருந்து சொல்லிக் கொடுக்க ஓர் ஆளும் இருந்த ஊர்கள்.

1820-ல் வந்த ரேனியஸ் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். ஆலயம் பிற்பாடு, ஆள் முதலில். ஊருக்கு ஓர் உபதேசியார், அவர்களுக்குப் பாளையங்கோட்டையில் படிப்பு, ஒழுங்காக வரவழைத்துக் கணக்குக் கேட்பது. உபதேசியாரின் வேலை எளிமையானது, ஓய்வில்லாதது. அந்தி சாய்ந்ததும் மணியடிப்பார். பதனீர் இறக்கும் மாதங்களில் ஆண்கள் காலையும் மாலையும் மரத்தில் இருப்பார்கள் என்பதால், அவர்கள் இறங்கி வரும் நேரம் பார்த்துத்தான் கூட்டம். ஒரு வாக்கியத்தை அவர் சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் கர்த்தருடைய ஜெபம், அடுத்து விசுவாசப் பிரமாணம், பிறகு பத்துக் கற்பனை. எழுத்துத் தெரியாதவரும் மூன்றையும் தடுமாறாமல் சொல்லும் வரைக்கும் விடமாட்டார். இன்றும் பல சபைகளைச் சேர்த்து ஒரு சேகரம், அதற்கு ஒரு சேகர குரு. அவர் முறை வைத்துத்தான் வருவார். மற்ற நாட்களில் சபை ஊழியரே ஜெபம் நடத்துவார். திருவிருந்து ஆராதனையில் கலந்துகொள்ள நினைப்பவர்கள் ஐயா எந்த வாரம் வருகிறார் என்று சபை ஊழியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாசரேத்துக்கு ரயிலிலும் வரலாம், திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதையில் நிலையம் இருக்கிறது. பக்கத்துப் பிரகாசபுரத்தில் நின்று போவது அவசியம். 1857-ல் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் மிஷனரிகளோடு முரண்பட்டு, இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கிய இடம் அது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தார்கள். அவர் செய்தது சரியா தவறா என்ற வாதம் ஓயாது. நமக்குத் தோன்றுவது இதுதான்: மிஷனரியை விட்டுப் பிரிந்தும் கிறிஸ்துவை விடவில்லை என்றால், விசுவாசம் அதற்குள் சொந்தச் சொத்தாகிவிட்டது.

இனி வீட்டுக்குள் நடப்பது. மெஞ்ஞானபுரம் பக்கத்து வீடுகளில் இரவு எட்டு மணி வாக்கில் குடும்ப ஜெபம். பாய் விரிப்பார்கள். பாட்டி புத்தகம் பார்க்காமல் ஒரு கீர்த்தனையை எடுப்பார். அவர் பிடிக்கிற சுருதிதான் மற்றவர்களுக்கும். பிறகு ஓர் அதிகாரம், ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்திலிருப்பவர் துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுக்க, அது திருப்பிச் சொல்லும். பெரியவர் ஒருவர் ஜெபிப்பார், அப்புறம் ஒரு பிள்ளை. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" எல்லாரும் சேர்ந்து. இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும், முடிய வேண்டும். அரை மணியைத் தாண்டினால் பிள்ளை தூங்கி விழும், மறுநாள் ஜெபம் என்றாலே முகம் சுளிக்கும்.

இப்போது இது தட்டுகிற இடம் வசனச் சுற்று. ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது. "சரி, நீ விடு" என்று ஒரு தரம் முறையைத் தாண்டிவிட்டால், அன்றோடு அந்தப் பிள்ளை வேடிக்கை பார்க்கிற ஆளாகிவிடும். விவரமான அம்மாக்கள் சாயங்காலமே அந்த ஒரு வசனத்தைப் பிள்ளையை நாலு தரம் வாசிக்க வைத்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள்தான் பிற்பாடு திடப்படுத்தல் வகுப்பில் (திருவிருந்தில் சேர ஆயத்தப்படுத்தும் வகுப்பு) திணறாமல் நிற்கிறார்கள்.

கைப்பிடி அரிசியும் இந்த வீடுகளின் பாடம்தான். உலையில் போட அரிசியை அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, சபைக்குக் காணிக்கையாகத் தனிப் பானையில் போட வேண்டும். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். இரண்டு வேளைக்கு 100, மாதத்துக்கு 3 கிலோ. அறுபது வீட்டுச் சபையில் அது 180 கிலோ. "மாசக் கடைசியில் மொத்தமாக அளந்து கொடுத்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அளவு சரியாக இருக்கலாம்; ஆனால் தினமும் அம்மா எடுத்து வைப்பதைப் பிள்ளை பார்ப்பது போய்விடும். பழகுவது அந்தக் கையைப் பார்த்துத்தான். பல ரகம் கலப்பதாலும் வண்டு விழுவதாலும் இந்த அரிசிக்கு விலை குறைவு. அதனால் பல சபைகள் பணமாக வாங்கத் தொடங்கிவிட்டன. வசதிதான், ஆனாலும் பானை இருக்கிற வீட்டைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

பிரதிஷ்டைப் பண்டிகை நாளில் போக வாய்த்தால் அசனம் என்கிற சபை விருந்தை விட வேண்டாம். முந்தின இரவே ஆட்டுக்கறி வெட்டி, ஆலயத்துக்குப் பின்னால் வரிசையாக அடுப்பு மூட்டிவிடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் அனுப்புவார்கள், முடிந்தால் வந்தும் விடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டது போக, தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போகவும் கிடைக்கும்.

கடைசியாக, மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாளன்விளை. கிராமத்துக் குருவானவரின் மகனாக அசரியா இங்கே 1874-ல் பிறந்தார். 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆட்கள் இந்தச் சீமையிலிருந்து, பணமும் இங்கிருந்தே. ஊழியம் தெலுங்கு நாட்டில், தோர்ணக்கல் பகுதியில். தாவீதுக்கு இருந்த உறவு வழி அங்கே இல்லை. மொழி வேறு, சாதி வேறு, சாப்பாடு வேறு. போனவர்கள் முதலில் தெலுங்கு படித்தார்கள். உறவு முடிந்த இடத்தில் நின்றுபோன சுவிசேஷம் அந்த எல்லையைத் தாண்டியது அப்போதுதான்.

1912 டிசம்பர் 29-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அசரியா அபிஷேகம் பெற்று, தோர்ணக்கலுக்குப் பேராயரானார். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லச் சொல்வார். வேதம் வாசிக்கத் தெரிந்த பிறகு, பயிற்சி முடிந்த பிறகு என்று தள்ளிப் போடவில்லை. ஈரம் காயாத அதே தலையில், அதே நாளில். அடுத்த வீட்டுக்குச் சொல்லும் பொறுப்பு அங்கேயே அவர்கள் கைக்கு மாறியது.

தோர்ணக்கல் போக நினைப்பவர்களுக்கு: அது ரயில் சந்திப்பு, விஜயவாடா–காசிப்பேட்டை வழியில் இருக்கிறது. 1939-ல் பிரதிஷ்டையான பேராலயம் அங்கே பார்க்க வேண்டிய ஒன்று. வெள்ளாளன்விளை ஆலயத்தைப் பார்த்த கையோடு அங்கே போனால் நல்லது.